கோழிப்பேனும் பிள்ளையின் தலைப்பேனும் ஒன்றா?



இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டது பேனைப் பற்றி. பேனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் சிரிக்கலாம். பிள்ளையின் தலை என்றால் பேன் இருக்கும், கோழியின் செட்டை என்றால் பேன் இருக்கும் என்று எல்லோருமே இருந்து விடுகிறோம். ஆனால் இந்தச் சின்னப் பூச்சி விஷயத்தில் நாமே ஒரு பெரிய தவறைச் செய்திருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போவது தான் முறை.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் லயம் லயமாகச் சுகாதாரம் பார்த்துக்கொண்டு போனோம். மேல் டிவிசனில் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா. புருஷன் இல்லை. ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு, அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுத இருந்த பிள்ளை. தலை நிறையப் பேன். சொறிந்து சொறிந்து பிடரியில் புண் வந்துவிட்டது. காம்பராவுக்குப் பின்னால், குசினிச் சுவரோடு ஒட்டி ஒரு கோழிக்கூடு. அதில் நாலு நாட்டுக்கோழி. ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அதன் உடம்பிலும் பேன் ஓடுகிறது. நமக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. "இங்கருந்து தாம்மா புள்ளைக்கு பேன் வருது, மொதல்ல இத அப்புறப்படுத்துங்க" என்று உத்தரவு போலச் சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டோம்.

அந்த அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாலு கோழியையும் டவுனுக்குக் கொண்டு போய், கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளையின் டியூஷன் காசும் கொப்பிக் காசும் அந்த முட்டையில் தான் வந்தது என்பது நமக்குப் பிறகு தான் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் அதே லயத்துக்குப் போனபோது அந்த அம்மா பீலிக்கரையில் நின்றிருந்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "ஐயா, கோழி போயிருச்சு. பேன் அப்படியே தான் இருக்கு" என்றார். அவ்வளவு தான்.

அதற்குப் பிறகு தான் நாம் ஒரு கால்நடை வைத்தியரிடம் போய் விஷயத்தைக் கேட்டோம். அவர் ஒரு கோழியின் செட்டையை விரித்துப் பிடித்து, பூதக்கண்ணாடி ஒன்றை நம் கையில் கொடுத்து, "பாருங்க, இதுக்கு இரத்தம் உறிஞ்சிற வாய் இருக்கா?" என்று கேட்டார். இனி எழுதுவதெல்லாம் அன்றைக்குத் தொடங்கிப் படித்தறிந்தவையும், லயங்களில் செய்து பார்த்தவையும் ஆகும்.

கடிக்கும் பேன், உறிஞ்சும் பேன்

உலகத்தில் பேன் என்ற பூச்சியில் சுமார் 5000 வகை உண்டு. அவற்றை வாயைப் பார்த்து இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். ஒன்று, ஊசி போன்ற வாயால் தோலைக் குத்தி இரத்தத்தை உறிஞ்சுவது. நம் தலைப்பேன் அந்த வகை. மற்றது, கத்தரிக்கோல் போன்ற தாடையால் இறகையும் மயிரையும் தோல் செதிளையும் கடித்து மென்று தின்பது. கோழி, புறா, காகம், மைனா என்று பறவைகளில் இருக்கும் பேன்கள் எல்லாம் இந்தக் கடிக்கும் வகை தான். மாடு, ஆடு, நாய், பூனையிலும் கடிக்கும் பேன் உண்டு. பேன் வகைகளில் மிகப் பெரும்பகுதி கடிக்கும் பேன்களே.

பூதக்கண்ணாடி இருந்தால் வித்தியாசம் சுலபமாகத் தெரியும். கடிக்கும் பேனுக்குத் தலை பெரிது, நெஞ்சை விட அகலமானது. தாடைக்கு இடம் வேண்டுமல்லவா. உறிஞ்சும் பேனுக்குத் தலை ஒடுங்கியிருக்கும். இரண்டுக்கும் செட்டை கிடையாது, ஆறு கால். பறக்காது, தெள்ளைப் போலக் குதிக்கவும் செய்யாது.

1818 இல் ஜெர்மன் நாட்டு அறிஞர் நிட்ஷ் என்பவர் கடிக்கும் பேன்களைச் சேர்த்து 'மலோபாகா' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் கம்பளியைத் தின்பது என்று அர்த்தம். இன்றைய விஞ்ஞானிகள் அதைத் தனிப் பிரிவாக வைப்பதில்லை, எல்லாப் பேனையும் ஒரே குடும்பமாகத் தான் பார்க்கிறார்கள். ஆனாலும் பழைய புத்தகங்களில் அந்தப் பெயர் கிடக்கிறது, பிள்ளைகள் படிக்கும்போது கண்டால் தெரிந்திருக்கட்டும்.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கே தான் இருக்கிறது. பேன் தன் முழு வாழ்க்கையையும் ஒரே உடம்பில் கழிக்கும் பூச்சி. முட்டை இடுவது, பொரிப்பது, வளர்வது, சாவது எல்லாம் அங்கே தான். அந்த உடம்பின் சூடு, அந்த இறகின் தடிப்பு, அந்த மயிரின் பருமன், இவற்றுக்கு ஏற்றபடி அதன் காலும் நகமும் அமைந்து விட்டன. கோழிப்பேனின் கால் இறகைப் பிடிக்க ஏற்றது, மனிதத் தலைமயிரில் அதற்குப் பிழைப்பில்லை. நம் தலைப்பேன் கோழியில் ஒரு நாளும் வாழாது. மாட்டுப்பேன் ஆட்டில் தங்காது. கோழியை அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் பேன் கையில் ஏறி ஓடும், அரிக்கும், அருவருப்பாகவும் இருக்கும். உண்மை தான். செத்த உடம்பு ஆறியவுடன் அது வேறு இடம் தேடி ஓடுகிறது. கையைக் கழுவினால் போயிற்று. தலையில் குடியேறி முட்டை வைக்காது.

பிள்ளையின் தலைக்குப் பேன் வந்தது இன்னொரு பிள்ளையின் தலையிலிருந்து. பள்ளிக்கூடத்தில் தலையோடு தலை சேர்த்து விளையாடியபோது, அல்லது ஒரே பாயில் நாலு பேர் படுத்தபோது ஏறியது. இதில் கோழிக்குச் சம்பந்தமேயில்லை. நாம் கோழியைக் குற்றவாளியாக்கினோம்.

அழுக்கிலிருந்து பேன் பிறக்குமா?

"அழுக்கு சேர்ந்தா பேன் தானா வரும்" என்று நம் வயதானவர்கள் சொல்வார்கள். அவர்களை நாம் குறை சொல்லக் கூடாது, ஒரு காலத்தில் உலகத்துப் பெரிய படிப்பாளிகளும் அப்படித் தான் நம்பினார்கள். அழுகிய இறைச்சியில் புழு தானாகப் பிறக்கிறது, அழுக்கில் பேன் தானாகப் பிறக்கிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற வைத்தியர் இறைச்சியைச் சில பாத்திரங்களில் திறந்து வைத்தார், சிலவற்றை மெல்லிய துணியால் மூடி வைத்தார். ஈ மொய்த்த பாத்திரத்தில் மட்டும் புழு வந்தது. 1668 இல் அவர் இதைப் புத்தகமாக அச்சிட்டார். அதே புத்தகத்தில் பல பறவைகளின் பேன்களைப் பார்த்துப் படமாகவும் வரைந்து வைத்திருக்கிறார். பேனிலிருந்து தான் பேன் வருகிறது. நன்றாகக் கழுவிக் கூட்டிய கூட்டிலும், பேன் உள்ள ஒரே ஒரு கோழி வந்து சேர்ந்தால் எல்லாக் கோழிக்கும் பரவிவிடும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேன் உள்ள பிள்ளையின் தாயை 'அழுக்குப் பிடிச்சவ' என்று லயத்தில் பேசுகிறார்கள். பிள்ளைக்காம்பராவிலும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறோம். தினமும் தலை கழுவுகிற பிள்ளைக்கும் பேன் ஏறும். அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும்.

கோழிக்கு என்ன கேடு?

"அப்ப கோழிப்பேன் நமக்கு ஒன்னும் செய்யாதுன்னா வுட்டுறலாமே" என்று கேட்கலாம். நமக்குச் செய்யாது, கோழிக்குச் செய்யும். கோழிக்குச் செய்தால் நம் முட்டைக்குச் செய்யும்.

நாட்டுக்கோழியில் ஒரே நேரத்தில் மூன்று நாலு வகைப் பேன் இருக்கலாம். அதில் மோசமானது உடம்புப்பேன். விஞ்ஞானப் பெயர் மெனகாந்தஸ் ஸ்ட்ராமினியஸ். வைக்கோல் நிறம், சுமார் 3 மில்லிமீற்றர் நீளம். எச்சம் வரும் வாசலைச் சுற்றியும், நெஞ்சிலும், தொடையின் உட்புறத்திலும் இருக்கும். இது இறகைத் தின்பதோடு நிற்பதில்லை. புதிதாக முளைக்கும் இறகின் குருத்தைக் கடித்து, கசியும் இரத்தத்தையும் குடிக்கும். தோல் சிவந்து, பொருக்கு வைக்கும். இன்னொன்று அதைவிடச் சிறியது, இறகின் தண்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், மெனோபொன் கலினே என்று பெயர். செட்டைப்பேன் நீளமாக, சாம்பல் நிறமாக, பெரிய இறகுகளின் நடுவில் அசையாமல் ஒட்டியிருக்கும், பார்த்தால் தூசி என்று நினைப்போம். தலைப்பேன் ஒன்றும் கோழிக்கு உண்டு. அது தலையிலும் கழுத்திலும் மட்டும். பெரிய கோழிக்கு அது பெரிய தொல்லை இல்லை. குஞ்சுக்குத் தான் யமன்.

அடைக்கோழியிலிருந்து குஞ்சுக்குப் பேன் ஏற அதிக நேரம் பிடிக்காது. பொரித்துத் தாயின் செட்டைக்குள் நுழைந்ததும் ஏறத் தொடங்கிவிடும். குஞ்சு தலையைத் தொங்கப் போட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஓர் ஓரமாக நின்று, மூன்று நாலு நாளில் செத்துப் போகும். "நல்லா இருந்த குஞ்சு, கண்ணு பட்டுருச்சு" என்பார்கள். நாம் பார்த்த பல இடங்களில் குஞ்சின் உச்சந்தலையை விரித்துப் பார்த்தால் பேன் இருந்தது.

பெரிய கோழி உடனே சாகாது. தூங்காது, சரியாக மேயாது, நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். எடை குறையும், முட்டை குறையும், அடையில் உட்காராமல் பாதியில் எழுந்து ஓடும். ஏற்கனவே நோயோ குடற்புழுவோ உள்ள கோழியில் பேன் இன்னும் பெருகும். ஏனென்றால் நோயாளிக் கோழி தன்னைத் தானே கோதிக்கொள்வதில்லை.

இந்தக் கோதுதலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கோழியின் அலகு தான் அதன் பேன் சீப்பு. மேல் அலகின் நுனி கீழ் அலகை விடச் சற்று நீண்டு வளைந்திருக்கும். அந்த வளைவில் தான் பேன் நசுங்குகிறது. பெரிய பண்ணைகளில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகு நுனியை வெட்டி விடுகிறார்கள். அலகு வெட்டிய கோழியில் பேன் பல மடங்கு பெருகுவதை ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். முட்டை முடிந்த அந்தப் பண்ணைக் கோழிகளை மலிவு விலைக்கு லொறியில் கொண்டு வந்து லயத்தில் விற்பார்கள், நாமும் வாங்கி நேரே நம் கோழிகளோடு விட்டு விடுகிறோம். அதன் அலகையும் பார்க்க வேண்டும், வாலுக்குக் கீழேயும் பார்க்க வேண்டும். புதிய கோழியைக் குறைந்தது இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துச் சேர்ப்பது புத்தி.

பார்ப்பது எப்படி?

பகல் வெளிச்சத்தில் கோழியைத் தலைகீழாகப் பிடிக்காமல், மடியில் சாய்த்து வைத்து, எச்ச வாசலைச் சுற்றியுள்ள இறகை விரலால் சட்டென்று விரிக்க வேண்டும். பேனுக்கு வெளிச்சம் பிடிக்காது, ஓடி ஒளியும். விரித்த அந்த இரண்டு மூன்று விநாடியில் கண்ணில் படுவது தான் கணக்கு. பிறகு இறகின் அடித்தண்டைப் பாருங்கள். வெள்ளையாக, சாம்பல் படிந்தது போலக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அது அழுக்கல்ல, ஈர். நூற்றுக்கணக்கான முட்டை ஒரே கட்டியில் இருக்கும். பிறகு செட்டைக்கு அடியில், அதன் பிறகு தலை.

ஈர் பொரிக்க நாலு முதல் ஏழு நாள். பொரித்த குஞ்சுப்பேன் மூன்று தடவை தோல் கழற்றி, சுமார் இரண்டு வாரத்தில் தானும் முட்டையிடும் பேனாகிவிடும். இந்த நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து போடும்போது வேண்டும்.

இரவில் மனிதரைக் கடிப்பது எது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "ஐயா, கோழிப்பேன் மனுசனக் கடிக்காதுன்னு சொல்றீங்க, எங்க காம்பராவுல ராத்திரி முழுக்க கடிக்குதே" என்று ஒரு தலைவர் நம்மிடம் சண்டைக்கே வந்துவிட்டார். போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதும் சரி. ஆனால் கடித்தது பேன் அல்ல, கோழிச்செல்.

செல் என்பது பேனை விட மிகச் சிறியது, ஊசி முனை அளவு. எட்டுக் கால். உண்ணிக்குச் சொந்தம். அடைக்கோழியின் கூட்டில் ஆயிரக்கணக்கில் பெருகும். குஞ்சு பொரித்துக் கோழி இறங்கிப் போனதும் செல்லுக்குச் சாப்பாடு இல்லை. அப்போது தான் வைக்கோலை விட்டுக் கிளம்பி, சுவர் வழியாக நம் படுக்கைக்கு வரும். தலைவர் வீட்டில் அடைக்கூடை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது! பகலில் பலகை வெடிப்பில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் கோழியில் ஏறி இரத்தம் குடிக்கும் சிவப்புச் செல்லும் உண்டு. கோழியைப் பகலில் பார்த்தால் ஒன்றுமிருக்காது. இரவில் டோர்ச் அடித்துக் கூட்டின் கட்டையைப் பார்த்தால், அல்லது வெள்ளைத் துணியால் கட்டையின் அடியைத் துடைத்தால் சிவப்புக் கறை தெரியும்.

இவையும் நம் உடம்பில் குடியிருக்காது, ஆனால் கடித்துத் தடிப்பு உண்டாக்கும், கைக்குழந்தைகளைத் தூங்க விடாது. ஆகவே அடைக்கூடையைக் காம்பராவுக்குள் வைக்க வேண்டாம். பொரித்த அன்றே கூடையின் வைக்கோலை, வீட்டுக்குள் உதறாமல், அப்படியே எடுத்துப் போய் எரித்துவிட வேண்டும். கூட்டின் கட்டைகளுக்கும் வெடிப்புகளுக்கும் நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி, காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடித்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கூட்டை வீட்டுச் சுவரிலிருந்து நாலடியாவது தள்ளிப் போடுங்கள். லயத்தில் இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். இடமே இல்லாதவர்கள் சுவரில் தொடாதபடி நாலு காலில் நிறுத்தினாலும் பாதி நன்மை.

மண் குளியலும் மலைநாட்டு மழையும்

கோழி மண்ணில் புரளுவது விளையாட்டுக்கு அல்ல. உலர்ந்த தூசி இறகுக்குள் போய்ப் பேனைத் தொந்தரவு செய்யும், இறகில் உள்ள பழைய எண்ணெயையும் எடுக்கும். கீழ்நாட்டில் கோழிக்கு இந்த வசதி எப்போதும் இருக்கிறது. நம் பக்கத்தில் மே மாதக் கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை உலர்ந்த மண்ணே கிடையாது. கோழிகள் நாள் முழுக்க நனைந்து, கூட்டுக்குள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். பேன் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஏற இதைவிட நல்ல காலம் வேண்டாம்.

இதற்கு நாம் செய்யக்கூடியது மிகச் சுலபம். மழைக்கு முன்னாலேயே இரண்டு மூட்டை உலர்ந்த பொடிமண்ணைச் சலித்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பழைய தேயிலைப் பெட்டியோ, பழைய டயரோ போதும், கோழி புரளும் அளவு இடம், ஒரு சாண் ஆழம். இஸ்தோப்பின் ஓரத்தில், சாரல் அடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். கவ்வாத்து மிலாறு எரித்த அடுப்புச் சாம்பலை மண்ணோடு கலக்கலாம், ஆனால் மண்ணே அதிகம் இருக்க வேண்டும். சாம்பல் நனைந்தால் தோலைப் பொத்துவிடும், ஆகவே ஈரமானதைக் கொட்டிவிட்டுப் புதிது போட வேண்டும்.

சாம்பல் மட்டும் பேனை முழுதாக ஒழிக்கும் என்று நாம் சொல்ல மாட்டோம். குறைக்கும், அவ்வளவு தான். கந்தகத் தூள் கலந்தால் வேறு கதை. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், கந்தகத் தூள் போட்ட பெட்டியில் புரண்ட கோழிகளில் உடம்புப்பேனும் செல்லும் ஏறக்குறைய இல்லாமலே போயின. வெறும் களிமண் தூள் போட்ட பெட்டியில் குறைந்தன, ஒழியவில்லை. கந்தகம் வாங்க முடிந்தவர்கள் கால்நடை வைத்திய அலுவலகத்தில் அளவு கேட்டுப் போடுங்கள். தூவும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும், கண்ணில் படக் கூடாது.

குஞ்சுகளின் தலைக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு விரல் நுனியில் தொட்டு உச்சியிலும் பிடரியிலும் மெதுவாகத் தடவினால் போதும், பேன் மூச்சு முட்டிச் சாகும். அள்ளிப் பூசினால் இறகு ஒட்டி, நம் குளிருக்குக் குஞ்சு விறைத்துவிடும்.

போத்தல் மருந்து

இந்தப் பகுதியை அவசியம் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

வேறொரு தோட்டத்தில் நடந்தது. மரக்கறித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் ஒரு தம்பி, அங்கே லீக்ஸுக்கு அடித்த பூச்சி மருந்தில் மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்து, தன் அம்மாவின் ஏழு கோழிக்கும் தடவி விட்டான். நல்ல எண்ணத்தோடு தான் செய்தான். விடியும் முன் ஆறு கோழி வாயில் நுரை தள்ளி, காலை இழுத்துக்கொண்டு செத்துப் போயின. அதைவிடப் பயங்கரம், போத்தலில் மீதி இருந்ததைத் தங்கச்சியின் தலைப்பேனுக்கு வைத்திருந்தார்கள். செத்த கோழிகளைக் கண்ட பக்கத்துக் காம்பரா ஆயா சத்தம் போட்டுத் தடுத்ததால் அந்தப் பிள்ளை தப்பியது.

பயிருக்கு அடிக்கும் மருந்தில் பல, தோல் வழியாகவே உடம்புக்குள் போய் நரம்பைத் தாக்கும். சொறிந்து புண்ணான தலையில் இன்னும் வேகமாகப் போகும். பிள்ளைக்கு வியர்வை, வாய்நீர், வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் வரும், உயிருக்கே ஆபத்து. யாருக்காவது தவறிப் பட்டுவிட்டால் உடனே உடுப்பைக் கழற்றி, சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவி, மருந்துப் போத்தலையும் லேபலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சோடாப் போத்தலில் மருந்து வைக்கவே கூடாது, சின்னப் பிள்ளைகள் சோடா என்றே குடிப்பார்கள்.

பழைய ஆட்கள் கமக்ஸின் பவுடரை ஞாபகம் வைத்திருப்பார்கள், கோழிக்கும் போட்டார்கள், தலைக்கும் போட்டார்கள். அதில் உள்ள லிண்டேன் என்ற நஞ்சு மண்ணிலும் உடம்பின் கொழுப்பிலும் நீண்ட காலம் தங்குவது. 2009 இல் உலக நாடுகள் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தன. எந்தப் பெட்டியின் அடியிலாவது பழைய டப்பா கிடந்தால் எடுக்காதீர்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்த் தலையோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

கோழிக்கென்றே உள்ள பேன் பவுடர் இருக்கிறது. கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் எது, எவ்வளவு என்று சொல்வார்கள். எத்தனை நாளைக்கு முட்டையையும் இறைச்சியையும் சாப்பிடக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எச்ச வாசல், செட்டைக்கு அடி, கழுத்து என்று இறகின் அடி வரை படும்படி போட வேண்டும், மேலே தூவினால் காசு தான் வீண். எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில். ஒன்றை விட்டால் அந்த ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். ஈர்க்கட்டி உள்ள இறகுகளைக் கத்தரியால் வெட்டி எரித்துவிடலாம். மருந்து ஈரைக் கொல்லாது என்பதால் தான் முதலில் நாள் கணக்கை எழுதினோம். முதல் தடவை போட்டு ஏழு முதல் பத்து நாளுக்குள் இரண்டாம் தடவை கட்டாயம் போட வேண்டும். அதற்குள் பொரித்த குஞ்சுப்பேன் அப்போது சாகும். "போட்டோம், கேக்கல" என்பவர்களில் பெரும்பாலானோர் இரண்டாம் தடவையை மறந்தவர்கள்.

மாடு, ஆடு, நாய்

மாட்டுப்பட்டியிலும் குளிர் மாதங்களில் பேன் கூடும். மயிர் நீண்டு அடர்ந்திருக்கும்போது கடிக்கும் பேன் கழுத்திலும் முதுகிலும் வாலடியிலும் பெருகி, மாடு கட்டையில் உரசி உரசி மயிர் உதிரும். ஆட்டிலும் இதே கதை. பால் குறைந்தால் தீனியை மட்டும் பார்க்காமல் மயிரையும் விரித்துப் பாருங்கள்.

நாய் விஷயம் சற்று வேறு. நாயின் கடிக்கும் பேன் நம்மில் குடியேறாது என்றாலும், அதன் வயிற்றில் ஒரு நாடாப்புழுவின் குஞ்சு வளர்கிறது. நாய்த் தெள்ளிலும் அதே. நாய் கடித்து விழுங்கும்போது அதன் குடலில் புழு வளர்ந்து, வெள்ளரி விதை போன்ற துண்டுகள் அதன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும். நாயைக் கட்டிப் பிடித்து விளையாடும் சின்னப் பிள்ளை அந்தத் தெள்ளையோ பேனையோ தவறி விழுங்கினால் பிள்ளைக்கும் அந்தப் புழு வரலாம். நாயை விரட்ட வேண்டாம், தெள்ளுக்கும் புழுவுக்கும் மருந்து கொடுங்கள். பிள்ளை சாப்பிடும் முன் கை கழுவட்டும்.

பிள்ளையின் தலைக்கு

கடைசியாக, எந்தப் பிள்ளைக்காகத் தொடங்கினோமோ அந்தத் தலைக்கு. தலையை நனைத்துத் தேங்காய் எண்ணெய் நன்றாகத் தடவி, நெருங்கிய பல்லுள்ள பேன் சீப்பால் அடிமயிரிலிருந்து நுனி வரை வகிடு வகிடாக வாருங்கள். ஒவ்வொரு வாருக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரம் விடாமல். ஒரே காம்பராவில் படுக்கும் எல்லோருக்கும், அம்மாவுக்கும் சேர்த்து, ஒரே நாளில் பார்க்க வேண்டும். மயிரை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் பிழைக்காது, ஆகவே பாயையும் தலையணையையும் எரிக்கத் தேவையில்லை. பிடரியில் புண்ணோ, கழுத்தில் நெறிக்கட்டியோ இருந்தால் மருந்தறையில் காட்டுங்கள்.

அந்த மகளுக்கு அந்த அம்மா அப்படித் தான் செய்தார். லயத்தில் இருந்த ஆறு பிள்ளைகளுக்கும் ஒரே சனிக்கிழமை வாரினார்கள், நாமும் சீப்புகள் வாங்கிக் கொடுத்துக் கூட இருந்தோம். பேன் போனது. கோழிகளைத் திருப்பி வாங்கிக் கொடுக்க நம்மால் முடிந்தது இரண்டு பேடு மட்டும். அவற்றின் கூடு இப்போது சுவரிலிருந்து நாலடி தள்ளி நிற்கிறது. பக்கத்தில் ஒரு பழைய டயர், உள்ளே பொடிமண்.

அடுத்த இதழில் கோழியின் காலில் செதிள் தூக்கி வெள்ளைப் பொருக்கு வைக்கும் நோயைப் பற்றி எழுதுவோம். அதுவும் ஒரு செல்லின் வேலை தான். அதற்குள் உங்கள் கோழியின் வாலடியை ஒரு தடவை விரித்துப் பார்த்து, கண்டதை லயத்துக்கு வரும்போது நம்மிடம் சொல்லுங்கள்.